வண்டி மூச்சு வாங்கிய வாரம்

28.10.91, திங்கள்

நான் வரைந்த சைலன்ஸரை இன்று காரில் மாட்டி ஓட்டினார்கள். சத்தம் அடங்கிவிட்டது. ஆனால் நாலு பேரோடு பாலத்து ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை. முதலாளி பாண்டுரங்கன் சார் இறங்கி வந்து, "இன்னாம்மா, வண்டி கெழவன் மாதிரி மூச்சு வாங்குது? உன் டிராயிங்லதான் தப்பு" என்றார். கார் கம்பெனிக்காரர்கள் சனிக்கிழமை பார்க்க வருகிறார்கள். அவர்கள் வேண்டாமென்றால் என் வேலையும் நிரந்தரமாகாது.

29.10.91

திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டேன். எரிந்த புகை தடையில்லாமல் வெளியேறினால்தான் இன்ஜின் அடுத்த மூச்சை முழுதாக இழுக்கும். அதற்காகத்தானே உள்குழாயில் அத்தனை துளைகள் வைத்தேன்? குழாயை இன்னும் அகலமாக்கவும் பயம் — புகையின் வேகம் குறைந்து, வண்டி கிளம்பும்போதே இழுவை போய்விடும். டிராயிங் சரிதான். அப்புறம் எங்கே அடைக்கிறது?

30.10.91

போன வாரம் பிடித்த மழை இன்னும் விடவில்லை. வீட்டில் முதல் டிகிரி நான். பொண்ணு இன்ஜினியர்னு அம்மா எங்க ஊர் மண்ணூர் முழுக்கச் சொல்லி வச்சிருக்கா. இப்போ போய் என்னன்னு சொல்றது?

31.10.91

இன்றைய ஓட்டத்துக்கு முன் சக்கரத்தடியில் வைக்க ஃபோர்மேன் நடேசன் எலுமிச்சம்பழம் வாங்கி வந்திருந்தார். அதில் ஒன்றை எடுத்து, இன்ஜினிலிருந்து சைலன்ஸருக்கு வரும் குழாயைக் கழற்றி அதற்குள் உருட்டிவிட்டேன். குழாய் வளைக்கும் யாக்கோபு அண்ணன் சிரித்தார். "இன்னா மேடம், பைப்புக்கும் திருஷ்டியா?"

பழம் வளைவில் நின்றுவிட்டது. போன மாதம், மழைக்கு முன் வளைத்து வைத்திருந்த குழாயில் அதே பழம் உருண்டு வெளியே வந்தது. அவர் சிரிப்பு நின்றது.

"புதுசை வேற மாதிரி வளைச்சீங்களாண்ணா?" என்று கேட்டேன்.

"மண்ணு நனைஞ்சிட்ச்சி மேடம். ஈர மண்ண உள்ள அடைச்சி காய்ச்சினா வெடிக்கும். அதான் வெறும் பைப்பையே வளைச்சிட்டேன்."

வளைக்கும்போது குழாய் நசுங்காமல் தாங்குவது உள்ளே அடைக்கும் மண்தான்; அது இல்லாததால் வளைவு சப்பையாகியிருக்கிறது. மேலே கறுப்புப் பெயின்ட் அடித்து வண்டிக்கு அடியில் மாட்டியதும் யார் கண்ணிலும் படவில்லை. புகை அங்கேதான் திணறுகிறது.

1.11.91

கேன்டீன் ஞானம்மா அக்கா பெரிய இரும்புச் சட்டி கொடுத்தார். யாக்கோபு அண்ணன் அதில் மண்ணை வறுத்தார். நடேசன் எட்டிப் பார்த்து, "கடலை எங்கப்பா?" என்றார்.

கழற்றிய குழாயின் சப்பை வளைவைப் பார்த்து, யார் வேலை இது என்று முதலாளி கேட்டார். மழை சார் என்றேன். பொய்யில்லையே?

2.11.91, சனி

புதுக் குழாயோடு வண்டி பாலத்து ஏற்றத்தில் இரண்டாவது கியரிலேயே ஏறிவிட்டது. அதே நாலு பேர். நடேசன் மட்டுமே இரண்டு பேருக்குச் சமம். வந்தவர்கள் தலையாட்டினார்கள். சார் என்னிடம், "டிராயிங்க தொடாதம்மா, அப்படியே இருக்கட்டும்" என்றார்.

பாத்ரூமுக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன். அப்பாடா.

7.11.91

தீபாவளி விடுமுறை முடிந்து வேலைக்குப் போனதும் ஸ்டோரில் கூப்பிட்டு என் கால் அளவு கேட்டார்கள். கம்பெனி ஷூ நிரந்தரமானவர்களுக்கு மட்டும்தான் தருவார்கள். நாலு என்றேன். அந்த அளவில் இதுவரை யாருக்கும் வாங்கியதில்லையாம், பாரிமுனையில் தேட வேண்டுமாம்.

தேடட்டும்.