சும்மா கதை இப்போதைக்கு இல்லை

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்களுக்கும் அம்மாவுக்கும் என் வணக்கம். அம்மாவின் கால் வீக்கம் வற்றிவிட்டதா? நான் சுகமாக இருக்கிறேன்.

நானும் அறைத்தோழி சுகிர்தாவும் செய்துவந்த ‘சும்மா கதை’ பொட்காஸ்டைக் கொஞ்சக் காலம் நிறுத்தியிருக்கிறோம். பயப்பட ஒன்றுமில்லை. சோறு, சீப்பு, குளியல் என்று சாதாரண விடயங்களைத்தானே பேசினோம். பெருநாளன்று கோயில் வளவில் நீங்கள் பெருமையாக லவுட்ஸ்பீக்கரில் போடுவித்த குளியல் கதையை, எங்களை இந்த வெளிநாட்டு வேலைக்கு அனுப்பிய ஏஜென்ட் இன்னாசித்தம்பியும் கேட்டுவிட்டார். இங்குள்ள எங்கள் மனேஜரின் போனில் எங்களைப் பிடித்தார்.

“குளிக்கிறதைப் பற்றி ஊருக்குக் கதைக்கச் சொல்லி ஆர் பிள்ளை சொன்னது? என்ரை மானம் போச்சு.”

“தண்ணி வந்திருந்தால் குளிச்சிருப்பம் அண்ணை, கதைச்சிருக்க மாட்டம்” என்றாள் சுகிர்தா.

அந்த வாய்க்காக அவளைத் திருப்பி அனுப்பப் போகிறார்கள். விடுதியில் தண்ணீர் வருவதில்லை என்று அவள் சொன்னது பொய் என்று நான் எழுதிக் கொடுத்தால் எனக்கு வேலை இருக்குமாம். மனேஜர் வீட்டுப் புல்லுக்குத் தண்ணீர் தவறுவதில்லை. நாங்கள் நாறலாம், அது ஊருக்குத் தெரியக்கூடாது, அவ்வளவுதான்.

உங்கள் குரலில் ஏதாவது பதிந்து அனுப்புங்கள் அப்பா. ஐஸ் விலை, வலை, அம்மாவின் ஏச்சு, எதுவானாலும் சரி. இங்கு இப்போது கேட்க ஒன்றுமில்லை.

இன்னாசித்தம்பியிடம் போய்க் கெஞ்ச வேண்டாம். நான் எழுதிக் கொடுக்கவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது, கூப்பிடுகிறார்கள். அம்மாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள், சுகிர்தாவோடு நானும் வரக்கூடும்.

மகள்,
றொசாந்தி