வெள்ளிதோறும் கழுவிய வண்டி

மச்சான்,

இன்று காலை அலிபிரிக்குப் போகும் வழியில் ஒரு ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றுவிட்டேன். யாரோ பழைய கார் ஒன்றைக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றிக் கிண்ணத்தைக் கவிழ்த்தார். வார்னிஷ் மாதிரி ஒரு கசடு வந்தது. நாள்பட்ட பெட்ரோலின் அந்தப் புளித்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்குக் கை பரபரத்தது. வாங்கப் போன மாத்திரையை மறந்து வீட்டுக்குத் திரும்பி இதை எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பதும் பொய்தான். நாலு வரிக்கு ஒரு தடவை எழுந்து நடக்கிறேன்.

உன் நைனா போனபின் அவர் காரை ஏழு மாதம் யாரும் எடுக்கவில்லை. வருஷ திதி முடியும்வரை அவர் உட்கார்ந்த சீட்டில் இன்னொருவர் உட்காரக் கூடாது என்று உன் அம்மா சொல்லிவிட்டார்கள். ஆனால் கவனிப்புக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் கழுவினோம், மஞ்சள் குங்குமம் வைத்தோம், கற்பூரம் காட்டினோம். எஞ்சினை ஒரு தரம் ஓடவிட வேண்டும் என்று மட்டும் நம் ஒருவருக்கும் தோன்றவில்லை. நல்ல பக்தி, போ.

ஆந்திரா தனி மாநிலமாகி, எந்த ஊர் எந்தப் பக்கம் என்று எல்லை பிரித்துக்கொண்டிருந்த நேரம் அது. நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் இருந்த நம் ஊர் சென்னை மாநிலத்தோடு சேர வேண்டும் என்று வீட்டுக்கு வீடு கையெழுத்து வாங்கி மனு எழுதினோம். விசாரிக்க வந்த அதிகாரி சித்தூர் பங்களாவில் மறுநாள் பகல் பன்னிரண்டு வரைதான் இருப்பார் என்று தகவல் வந்தது. நேர் பஸ் கிடையாது. மாறிப் போனால் மதியம் தாண்டிவிடும். கார் இருந்தது உன் வீட்டில் மட்டும்தான். ஊரார் மனுவை உன் கையில் கொடுத்தார்கள். ஊர்க் காரியமாயிற்றே என்று உன் அம்மாவும் சரி சொன்னார்கள்.

காலை ஏழு மணிக்குப் பின்கட்டுக் கொட்டகையில் நீயும் நானும் ஆரம்பித்தோம். பேட்டரி செத்திருந்தது. ஹேண்டில் போட்டுச் சுற்றினோம், அசையவில்லை. கார்புரேட்டரில் இருந்த பெட்ரோல் எப்போதோ ஆவியாகிவிட்டிருந்தது. நீ பம்பைக் கையால் அடித்துப் பெட்ரோல் ஏற்றினாய். எஞ்சின் ஒரு இருமல் இருமியது. அது போதாதா எனக்கு? சோக்கை முழுக்க இழுத்து ஆக்சிலேட்டரை மிதிமிதியென்று மிதித்தேன்.

"டேய் மச்சான், கால எட்றா. அது மூக்கு முட்ட குடிச்சிக்கினு கீது," என்றாய்.

கழற்றிய பிளக்குகள் பெட்ரோலில் நனைந்து சொட்டின. துடைத்து, அடுப்போரம் காயவைத்து, திரும்ப மாட்டினாய்.

"பத்து நிமிஷம் கம்முனு இரு. ஒண்ணத்தையும் தொடாத. நான் கை கழுவிக்கினு வர்றேன்."

நீ கிணற்றடிக்குப் போனாய். தெருவாசலில் ஊரே காத்து நின்றது. "இன்னாப்பா, கெளம்புமா கெளம்பாதா?" என்று அங்கிருந்து ஒருவர் கத்தினார். எனக்கு உடம்பெல்லாம் எறும்பு ஊர்ந்தது. மறுபடி சோக்கை இழுத்தேன், மறுபடி மிதித்தேன், இறங்கி ஹேண்டிலைச் சுற்றினேன். நீ வரும் சத்தம் கேட்டதும் சோக்கை உள்ளே தள்ளிவிட்டு ஒன்றும் தெரியாதவன்போல் ஒதுங்கி நின்றேன். நீ ஒரு பிளக்கைக் கழற்றி மோந்து பார்த்தாய். என்னைப் பார்த்தாய். எல்லாப் பிளக்கையும் மறுபடி கழற்றி அடுப்போரம் கொண்டுபோனாய்.

வண்டி கிளம்பும்போது மணி பதினொன்று. சித்தூர் பங்களாவில் வாட்ச்மேன்தான் இருந்தார். "தொரகாரு எப்புடோ வெள்ளிப்போயாரு," என்று கையை விரித்தார். துரை எப்போதோ கிளம்பிப் போய்விட்டாராம். மனுவைத் தபாலில் அனுப்பினோம். பதில் வரவில்லை.

ஊர் திரும்பியதும் எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். "தப்பு என்துதான். நைனா வண்டிய நான் சரியா பாத்துக்கல," என்றாய். என் பெயர் உன் வாயில் வரவில்லை. நானும் பக்கத்தில் மரம்போல நின்றேன்.

எல்லைக்கோடு போட்டபோது ஊர் ஆந்திராவிலேயே நின்றது. மனு போய்ச் சேர்ந்திருந்தாலும் அப்படித்தான் ஆகியிருக்கும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். இருக்கட்டும். என் பிள்ளைகள் தெலுங்கில் படித்து நன்றாகத்தான் இருக்கிறார்கள். உன்மேல் விழுந்த பழிக்கு யார் பதில் சொல்வது? "வண்டிக்குப் பொட்டு வெச்சிக்கினே இருந்தான், ஊரக் கோட்ட உட்டான்," என்று டீக்கடையில் உன் காதுபடவே பேசினார்கள். ஊர்க்கூட்டத்துக்கு உன்னைக் கூப்பிடுவதையும் விட்டுவிட்டார்கள். வருஷ திதி முடிந்த கையோடு காரை விற்றாய். எனக்கு வெட்கமாக இருந்தது மச்சான். வெட்கம் இருந்ததே தவிர வாய் வரவில்லை.

போன மாதம் உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின், உன் மகளைத் தனியே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். முப்பது வருஷத்துக்கு மேல் அடக்கி வைத்தது, சொல்லி முடிக்க மூச்சு வாங்கியது.

"தெரியும் மாமா," என்றாள். "என் கல்யாணத்துக்கு முன்னாடியே நைனா சொல்லிட்டாரு."

"அப்புறம் ஏம்மா என்னைக் கேக்கல?"

"அவனே ஒரு நாளு வந்து சொல்லுவான், அதுவரைக்கும் நீ வாயத் தொறக்காதன்னாரு."

அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. வருஷா வருஷம் பொங்கலுக்கு உன் வீட்டுக்கு வந்தேன். எதிரெதிரே இலை போட்டுச் சாப்பிட்டோம், மழையைப் பற்றிப் பேசினோம். நான் செருப்பைத் தேடும்போதெல்லாம், "இன்னாடா அவசரம், கொஞ்ச நேரம் குந்திட்டுப் போ," என்பாய். உபசாரம் என்று நினைத்தேன். இப்போது மாத்திரை போட்டுப் படுத்தாலும் அந்தக் குரல்தான் கேட்கிறது.

நான் ஒரு தடவைகூட உட்காரவில்லை.