திருப்பி மாட்டிய டிரான்ஸ்ஃபார்மர்

இன்று காலை பாளையங்கோட்டையில் உம் வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். உம் ஆம்ப்ளிஃபயரின் டிரான்ஸ்ஃபார்மர் சூடேறி அந்த வார்னிஷ் வாசனை மெல்லக் கிளம்பியது. உடனே உமக்கு எழுதியாக வேண்டும் என்று கை பரபரத்தது. நீர் போனபிறகு வரும் இரண்டாவது கோடை இது, இதை எங்கே அனுப்புவது என்று கேட்காதீர். எழுதாமல் இருக்க முடியவில்லை வே, அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். சென்னையிலிருந்து வந்த உம் மகன், "அப்பா செஞ்ச அந்த வால்வு ஆம்ப்ளிஃபயரப் பழைய இரும்புக்குப் போட்டிருதேன். யாராவது தொட்டு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா யாரு பாக்க?" என்றிருக்கிறான். அவன் அம்மா, நம் மதினி, எனக்குப் போன் பண்ணினார்கள். "தம்பி, ஒருக்க வந்து பாத்துச் சொல்லுங்க. பயமில்லன்னா வச்சுக்கிடுதேன்." ஆழ்வார்குறிச்சியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

மகனைக் குறை சொல்ல முடியாது. உம் முதல் ஆம்ப்ளிஃபயர் பார்த்த வேலை அப்படி. அப்போதெல்லாம் நம் பக்கம் கரண்ட் வந்தால் வோல்டேஜ் வராது; டிவி இருந்த வீட்டிலெல்லாம் ஒரு ஸ்டெபிலைசரும் இருக்கும். கெட்டுப்போனவை ஜங்ஷன் பழைய இரும்புக் கடையில் குவிந்து கிடந்தன. இவ்வளவு கனமான டிரான்ஸ்ஃபார்மர் சும்மா கிடைக்கிறதே என்று ஒன்றைப் பிடுங்கி மாட்டினீர். பாட்டு அமர்க்களமாகத்தான் வந்தது. மறுநாள் மதினி ஈரத்துணியால் அதன் தகரப் பெட்டியைத் துடைத்தார்கள். கரண்ட் அவர்களைத் தூக்கி எறிந்துவிட்டது. கோர்ட்டில் டைப் அடித்துக்கொண்டிருந்த நீர் செருப்பைக்கூடப் போடாமல் வீட்டுக்கு ஓடினீர்.

ஸ்டெபிலைசருக்குள் இருப்பது ஒரே கம்பிச் சுருள். லைன் கரண்ட் அதன் வழியே பெட்டிவரை நடந்து வந்துவிடும். அது உமக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அந்த வாரமே என் வீட்டுக்கு வந்துவிட்டீர். "கணக்கு வாத்தியாரே, லைனுக்கும் பெட்டிக்கும் ஒட்டும் இருக்கக்கூடாது, உறவும் இருக்கக்கூடாது. வழி சொல்லும் வே. ஆனா புதுசா சுத்தச் சொல்லி வாங்க நமக்குக் கட்டுபடியாவாது."

எத்தனை ஞாயிற்றுக்கிழமை மண்டையை உடைத்துக்கொண்டோம்! கடைசியில் பேட்டரி சார்ஜருக்குள் இருக்கும் மலிவான டிரான்ஸ்ஃபார்மர் கண்ணில் பட்டது. ஒன்றேபோல் இரண்டு வாங்கினோம். முதலாவது லைன் கரண்டைப் பன்னிரண்டு வோல்ட்டாக இறக்கும். அந்தப் பன்னிரண்டில், பல்பு மாதிரி இருக்கும் வால்வின் இழை எரியும். அதையே இரண்டாவதற்குத் தலைகீழாகத் திருப்பிக் கொடுத்தால், வால்வுக்கு வேண்டிய பெரிய வோல்ட்டாக ஏறிவிடும். லைனோடு கம்பித் தொடர்பு துளியும் கிடையாது, நடுவில் காந்தப் புலம் மட்டும். முதன்முதலாக வால்வு சிவந்தபோது சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நீர் குதித்த குதியை என்னால் மறக்கவே முடியாது.

மதினி மட்டும் அதன் பக்கமே வரவில்லை. அதைச் சுற்றித்தான் பெருக்குவார்கள். "ஏட்டி, இப்ப ஒண்ணும் செய்யாது, தொட்டுப் பாரு" என்று நீர் கெஞ்சாத நாளில்லை. "நீங்களே கட்டிப்பிடிச்சுக்கிட்டு இருங்க" என்று அடுக்களைக்குள் போய்விடுவார்கள். அந்த வருத்தம் உமக்குக் கடைசிவரை இருந்தது. எனக்குத் தெரியும்.

இன்று மகன் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பிளக்கைப் பிடுங்கி வைத்து, அதன் லைன் முனைக்கும் பெட்டிக்கும் மீட்டர் வைத்தேன். முள் அசையவில்லை; ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஃபியூஸ் சரி. அணைத்த பிறகு கண்டன்சரில் தேங்கி நிற்கும் கரண்டை வடித்துவிட நீர் வைத்த ரெசிஸ்டரும் சரி. மிச்சம், பெட்டியில் கரண்ட் கசிந்தால் அதை மண்ணுக்குள் இறக்கிவிடும் எர்த். அதில்தான் எனக்குச் சந்தேகம். கொல்லையில் நீரே குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டிக் குழாய் இறக்கியிருந்தீர். மண் காய்ந்தால் எர்த் செத்துவிடும் என்று கோடை முழுக்கக் குடம் குடமாய் ஊற்றுவீர். செடியில்லாத இடத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறாரே என்று பக்கத்து வீட்டார் சிரிப்பார்கள். உமக்குப் பிறகு அதை யார் நினைத்திருக்கப் போகிறார்கள்? எர்த் இல்லாமல் இந்தப் பெட்டி இங்கே இருக்கட்டும் என்று சொல்ல எனக்கு மனசு வராது.

டெஸ்ட் லாம்பின் ஒரு வயரை லைனிலும் மற்றதை எர்த்திலும் வைத்தேன். மண் காய்ந்திருந்தால் சரியாக எரியாது; மினுக்கினால் பெரிசு என்று நினைத்தேன். பளிச்சென்று எரிந்தது வே! கொல்லைக்கு ஓடினேன். சித்திரை வெயிலில் ஊரே காய்ந்து கிடக்க, குழி மட்டும் ஈரமாக இருந்தது.

"மதினி, இதுல யாரு தண்ணி ஊத்துதா?"

"நாந்தான். அவிய ஊத்துவாவ, அதான் நானும் ஊத்துதேன். எதுக்குன்னு எனக்கு என்ன தெரியும்?"

"அந்தப் பெட்டியத் தொட்டா ஒங்களுக்கு ஒண்ணும் ஆயிரக்கூடாதுன்னுதான் மதினி, இதத் தோண்டுனாரு."

 அவர்கள் நேரே முன்னறைக்குப் போனார்கள். நான் சுவிட்சைப் போட்டேன். வால்வு சிவந்து பாட்டு வந்ததும், மதினி உள்ளங்கையை விரித்துப் பெட்டியின் மேல் வைத்தார்கள். மகன் "எம்மா!" என்றான். அவர்கள் கையை எடுக்கவில்லை. "வெதுவெதுன்னு இருக்குலே," என்றார்கள் அவனிடம். பாட்டு முடிகிறவரை கை அங்கேயே இருந்தது. எனக்குக் கத்த வேண்டும் போல் சந்தோஷம், அழுகையும் வந்தது. நீர் பார்த்திருக்க வேண்டும் வே.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் என் வீட்டுக் கொல்லையில் இருக்கும் எர்த் குழிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன். இந்த வெயிலில் இது என்ன கூத்து என்று என் வீட்டுக்காரி வந்து நின்றாள். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, எதற்கு என்று முழுசாகச் சொல்லிவிட்டேன்.