நான் உருவிய காப்பிக் கிளை

அண்ணே,

இன்று காலை வீட்டில் முருங்கைக்கீரை ஆய உட்கார்ந்தேன். காம்பைப் பிடித்து ஒரே இழுப்பாக உருவியதும் உங்கள் தோட்டம் ஞாபகம் வந்துவிட்டது. கீரை அப்படியே கிடக்கிறது. மனைவி திட்டிக்கொண்டிருக்கிறாள். நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கள்ளக்குறிச்சியில் காப்பித்தூள் அரைத்து விற்பவன் நான். கல்வராயன் மலையில் காப்பி பயிரிட்டவர் நீங்கள். அந்த நாள் வரை அவ்வளவுதான் நம் பழக்கம். அன்று நீங்கள் கொண்டுவந்த மூட்டையில் கைவிட்டு அள்ளிப் பார்த்தேன். பழுக்காத காயைப் பறித்துக் காயவைத்தால் கொட்டை சுருங்கிக் கறுத்துவிடும். அப்படி நாலைந்து கண்ணில் பட, ஆட்கள் தூள் வாங்க நிற்கும்போதே கத்தினேன். "இன்னா சரக்கு இது? மலையிலியே பொறந்து வளர்ந்தவருக்குப் பச்சை எது, பழம் எதுன்னு தெரியாதா?" எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம். நீங்கள் கோபப்படவில்லை. "ஒரு நாளு வந்து பறிச்சிப் பாருங்க பாய்" என்று மட்டும் சொன்னீர்கள்.

அந்த மார்கழியில் வெள்ளிமலை பஸ் ஏறி வந்தேன். அதுவரை நான் காப்பிச் செடியையே பார்த்ததில்லை. இத்தனை வருஷம் தூள் விற்றவன் என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள். பலாமர நிழலில் ஆளுயரச் செடிகள். ஒரே கொத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை எல்லாம் இருந்தன. என் இடுப்பில் ஒரு கூடையைக் கட்டிவிட்டு, "செவந்தத மட்டும் திருகி எடுங்க பாய். பச்சை அப்பிடியே இருக்கட்டும், அதுக்குன்னு ஒரு நாளு வரும்" என்றீர்கள். ஒரே செடிக்கு மூன்று நான்கு முறை வரவேண்டும் என்றதும் திகைத்துப்போனேன்.

நீங்கள் அடுத்த வரிசைக்குப் போய்விட்டீர்கள். ஒவ்வொன்றாகத் திருகினேன். அரைமணி நேரம் கழித்தும் கூடையின் அடிகூட மறையவில்லை. அண்ணியும் கூட வந்த பெண்களும் பாதிக் கூடை தாண்டியிருந்தார்கள். ரோஷம் வந்துவிட்டது. கீரை உருவுகிற மாதிரி ஒரு கிளையைப் பிடித்து உருவினேன். பச்சைக் காய், இலை, அடுத்த பூ வரவேண்டிய கணுவின் தோல் எல்லாம் கையோடு வந்துவிட்டன.

முதலில் பார்த்தது அண்ணிதான். "யாரு இப்பிடி மொட்டையடிச்சது? அடுத்த வருசம் இதுல பூ வருமா?" எல்லோரும் திரும்பினார்கள். அடுத்த வரிசையிலிருந்து நீங்கள் வந்தீர்கள். நான் கீழே இறக்கி வைத்திருந்த கூடையை ஒரு பார்வை பார்த்தீர்கள். பிறகு அதை உங்கள் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, "நான்தான். அவசரத்துல உருவிட்டேன்" என்றீர்கள். அண்ணி சும்மா விட்டாரா! "இத்தினி வருசமா பறிச்சிக்கினு கீற, இன்னும் புத்தி வரல" என்று அத்தனை பேர் முன்னாலும் உங்களை வாங்கு வாங்கென்று வாங்கினார். நான் செடிக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது, கடையில் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "இங்க யாரு கேக்குறாங்க பாய்? வுடுங்க" என்று சிரித்தீர்கள். எனக்கு உறைத்தது. கடையில் வைத்துத் திட்டியவன் கடையில் வைத்துத்தானே சொல்ல வேண்டும்? அடுத்த மூட்டையோடு நீங்கள் வந்த அன்று, கூட்டத்தின் நடுவில் சொன்னேன். "அண்ணன் சரக்கை அன்னிக்கி நான் பேசினது தப்பு. பறிக்கத் தெரியாதவன் நான்தான்." நீங்கள் கூச்சப்பட்டு டீக்கடைப் பக்கம் போய்விட்டீர்கள்.

ஆனால் கிளை விஷயத்தை அண்ணியிடம் சொல்லவில்லை. போன மழைக்காலத்தில் காய்ச்சலில் படுத்த நீங்கள் எழுந்திருக்கவே இல்லை. துக்கம் கேட்க வந்தபோதுதான் அவரிடம் தனியாகச் சொன்னேன்.

"அண்ணி, அன்னிக்கி அந்தக் கிளைய உருவினது நான்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தெரியும் பாய். எங்கூட்டுக்காரரு கை அப்பிடிப் பறிக்குமா? அவரு கண்ணக் காட்டினாரு, நானும் அவரையே திட்டிவுட்டேன்."

அண்ணே, இப்போது யார் சரக்கில் குறை இருந்தாலும் கடையில் கூட்டம் கலையும் வரை நான் பேசுவதில்லை. உங்களுக்கு ஒரு நாளாவது நன்றி சொன்னேனா என்று யோசித்துப் பார்த்தேன், சொல்லவில்லை. அன்று நீங்கள் இருவரும் சேர்ந்து காப்பாற்றிக் கொடுத்த மானத்தோடுதான் தினமும் கல்லாவில் உட்காருகிறேன்.