காணும்

கொண்டச்சி
6.10.2024

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் பேசினால் நாம் இருவரும் சண்டையில்தான் முடிக்கிறோம். அதனால் எழுதுகிறேன். நம் குளத்துத் தண்ணீரை நீங்கள் வேலை செய்யும் நகரத்துக்குக் கொண்டுபோகக் குழாய் இறக்கிவிட்டார்கள். குளத்தில் தண்ணீர் மிச்சமாம். யார் சொன்னது தெரியுமா? உங்கள் வாப்பாதான்! போன வருடம் அளக்க வந்த அதிகாரி, "தண்ணி காணுமா?" என்று கேட்டிருக்கிறார். யார் எதைக் கேட்டாலும் மாமா சொல்வது ஒன்றுதானே: "அல்ஹம்துலில்லாஹ், காணும்." போதும் என்றதை மிச்சம் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

குளக்கட்டில் பந்தல் போட்டு உட்கார்ந்திருக்கிறோம். ஆண்கள் குறைவு. விதைப்புக்கு வாருங்கள். வயலையும் பார்க்கலாம், பந்தலிலும் இருக்கலாம். நம் மகன் அஸ்மி தினமும் உங்களைக் கேட்கிறான்.

அன்புடன்,
ஜெஸ்லியா

20.10.2024

அன்பு ஜெஸ்லியா,

வஅலைக்கும் ஸலாம். கடை முதலாளி லீவு தரமாட்டார். வாப்பாவைக் கோபிக்காதே. அரை வயிறு சாப்பிட்டுவிட்டும் "காணும் மகன்" என்று கை கழுவுகிறவர் அவர். இங்கே பவுசர் லொறி வந்தால்தான் தண்ணீர். சனம் வாளியோடு அடிபடுகிறது. இவர்களும் என்ன செய்வார்கள்? பந்தலில் வெயில் காயாமல் நீயும் அஸ்மியும் இங்கே வாருங்கள். மகனுக்கு நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறது.

நவ்ஷாத்

12.1.2025

அன்புள்ள மச்சானுக்கு,

பந்தலைப் பொலிஸ் பிரித்துவிட்டது. எல்லோரும் மன்னார்க் கச்சேரிக்கு மனுக் கொடுக்கப் போனோம். அங்கே அதே அதிகாரி மாமாவைக் காட்டி, "நீங்கதானே காணும் எண்டு சொன்னீங்க?" என்றார். "காணாது எண்டு ஒரு வார்த்தை சொல்லுங்கோ மாமா" என்று கையைப் பிடித்துக் கெஞ்சினேன். எழுந்து நின்றார். "அல்லாஹ் தந்த தண்ணிய எப்பிடி மகள் காணாதெண்டு சொல்லுறது?" என்று அழுதுவிட்டார். எனக்கு ஒரு பக்கம் ஆத்திரம், ஒரு பக்கம் பாவம். அதிகாரி பைலை மூடினார். வாசலில் நின்ற கழுதைகள்கூட இடத்தை விட்டு அசையவில்லை, நாங்கள்தான் பஸ் ஏறினோம்.

குழாயைத் திறந்துவிட்டார்கள். கதிர் வரும் நேரத்தில் வயல் வெடிக்கிறது. எப்போது வருவீர்கள்?

ஜெஸ்லியா

9.3.2025

ஜெஸ்லியா,

எங்கள் அறைக் குழாயில் இப்போது நாள் முழுக்கத் தண்ணீர் வருகிறது. நேற்று அதில்தான் நோன்பு திறந்தேன். உன்னிடம் மறைக்க மனமில்லை. வயல் கருகியதை ஊரில் இருந்து வந்தவர்கள் சொன்னார்கள். இனி அங்கே எனக்கு என்ன வேலை? இங்கே என்னை நிரந்தரமாக்கிவிட்டார்கள். பெருநாளுக்கு இரண்டு நாள் வருகிறேன். காணும்தானே?

நவ்ஷாத்

15.3.2025

மச்சான்,

வயலை அறுக்கவில்லை, மாடு விட்டுவிட்டோம். மாமா ஒரு மிடறில் நோன்பு திறந்துவிட்டுக் கோப்பையை அஸ்மி பக்கம் தள்ளிவைக்கிறார். கேட்டால், காணும் என்கிறார். அவரைத் தனியே விட்டுவிட்டு நான் அங்கே வரமாட்டேன்.

இரண்டு நாள் காணுமா என்று கேட்டிருந்தீர்கள். முதலில் காணும் என்றுதான் எழுதினேன். பிறகு கிழித்துவிட்டேன். இந்த வீட்டில் ஒருவராவது வாய் திறந்து சொல்ல வேண்டும்.

காணாது, மச்சான். இருப்பதற்கென்றால் வாருங்கள். இல்லையென்றால் பெருநாளுக்கும் வரவேண்டாம்.

ஜெஸ்லியா