ஃபில்டரில் வெள்ளைத் தூள்

மார்ச் 3, ஞாயிறு

ஜனவரி 28 அன்றுதான் காரின் ஏர் ஃபில்டரைக் கழுவினேன். இதே நோட்டில் எழுதியிருக்கிறேன், என் கையெழுத்துதான். இன்றைக்குச் சும்மா பானெட்டைத் திறந்து, கிளாம்பைத் தளர்த்திக் கழற்றிப் பார்த்தால், தூசி பிடிக்கப் பூசும் எண்ணெயில் சிவப்பாக இருக்க வேண்டியது சாம்பல் பூசின மாதிரி இருக்கிறது. ஐந்தே வாரத்தில்!

கம்பெனி கொடுத்த காகித ஃபில்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு, இந்தத் துணி ஃபில்டரை நானே தேடி வாங்கி, நானே மாட்டி மூன்று வருஷம் ஆகிறது. வருஷத்துக்கு ஒரு தடவை கழுவினால் போதும். அதுதான் இதன் பெருமையே.

மறுபடி கழுவினேன். தட்டி உதிர்த்து, மருந்து அடித்து, பத்து நிமிஷம் ஊறவிட்டு, உள்பக்கத்திலிருந்து வெளியே மெதுவாகத் தண்ணீர் விட்டேன். பால் மாதிரி ஓடியது. கறுப்பு அழுக்கு என்றால் புரியும், ரோட்டுப் புகை. வெள்ளை எங்கிருந்து வரும்?

போன தடவை எண்ணெய் கூடிப்போய் தூசியை இழுத்துக்கொண்டதோ? இல்லை, கழுவியதாக எழுதிவிட்டுக் கழுவவே இல்லையோ? நாற்பத்து மூன்று வயதில் இப்படியுமா மறக்கும்?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ரோடுன்னா தூசி இருக்கத்தானே செய்யும்" என்றார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

மார்ச் 4, திங்கள்

ஃபில்டர் இன்னும் நிழலில் காய்கிறது. ஹேர் டிரையரைப் பிடிக்கலாமா என்று கை துறுதுறுக்கிறது. கூடாது, சூடு பட்டால் துணி சுருங்கிவிடும். அதனால் அவர் இன்று பஸ்ஸில் போனார். முகமே சரியில்லை. ஒரு நாள் பஸ்ஸுக்கு இவ்வளவு வாட்டமா?

மாலையில் மடிப்புக்கு மடிப்பு ஒரே ஒரு கோடு எண்ணெய் வைத்து மாட்டினேன். இந்தத் தடவை கை மீறவில்லை. சத்தியமாக.

மார்ச் 9, சனி

மெக்கானிக்கிடம் காட்டினேன். எந்த வெயிலிலும் தொப்பியைக் கழற்றாதவர், அதனால் எங்கள் தெருவுக்கே அவர் தொப்பிக்காரர்தான்.

"நான் அப்பவே சொன்னேன்க்கா, கம்பெனி ஃபில்டரையே விட்டு வைங்கன்னு." வழக்கமான பாட்டு. அப்புறம் குனிந்து விரலால் ரேடியேட்டரைத் தடவினார். "இது ஓடும்போது ஏறின தூசி இல்ல. நின்னுக்கிட்டே ஏறியிருக்கு. புழுதிக்கு நடுவுல நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு உள்ள உக்காந்திருக்காங்க."

"யாரு?"

"அதை நான் எப்படிக்கா சொல்றது? வண்டி உங்களோடது."

வார நாட்களில் காரை எடுப்பது அவர் ஒருவர்தான். வீடு, ஆபீஸ், வீடு. ஆபீஸில் கார் நிற்பது தரைக்கு அடியில், கூரைக்குள். பிறகு எப்படி?

மார்ச் 10, ஞாயிறு

நேராகவே கேட்டுவிட்டேன்.

"பக்கத்துல கட்டடம் கட்டுறாங்க."

"கார் அடியிலதானே நிக்குது?"

"மத்தியானம் சாப்பிட வெளிய எடுப்பேன்."

"நான் சாப்பாடு கட்டிக் குடுக்கிறேனே?"

எழுந்து குளிக்கப் போய்விட்டார். ஏற்கெனவே குளித்துவிட்டு வந்துதான் உட்கார்ந்திருந்தார்! பதினான்கு வருஷத்தில் ஒரே நாளில் ரெண்டு தடவை குளித்த மனுஷரை இன்றுதான் பார்க்கிறேன்.

மார்ச் 12, செவ்வாய்

ரேடியேட்டரில் படிந்திருந்த தூளைக் கொஞ்சம் சுரண்டி, காகிதத்தில் மடித்துக் கடைக்குக் கொண்டுபோனேன். மூக்குக்கண்ணாடிக்கு வில்லை அரைப்பது என் வேலை. இருபது வருஷமாகத் தூளோடுதான் குடித்தனம். விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தேன். மாவு இல்லை. தண்ணீர் விட்டு வைத்தேன், இறுகவில்லை, அதனால் சிமென்டும் இல்லை. பெருக்கிக் காட்டும் கண்ணாடியில் பார்த்தால் முனை முனையாக, கூராக.

கல். உடைத்த கல்.

மார்ச் 13, புதன்

வேறொரு பெண் என்றால் கல் தூளில் எதற்கு உட்கார வேண்டும்? சரி, உட்காரக் கூடாது என்று சட்டமா?

சீ. என்ன எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 17, ஞாயிறு

கழற்றிப் பார்த்தேன். இரண்டே வாரம். மறுபடி வெள்ளை.

என் கையில் தப்பு இல்லை. அந்த மட்டும் நிம்மதி. ஆனால் தப்பு என் கையில் இருந்திருந்தால் இதைவிட நிம்மதியாக இருந்திருக்கும் போல.

மார்ச் 19, செவ்வாய்

அரை நாள் லீவு போட்டேன். அவர் ஆபீஸைத் தாண்டி எட்டு கிலோமீட்டரில் கல் உடைக்கும் கிரஷர் ஒன்று இருக்கிறது. இந்தப் பக்கத்தில் வேறு கிடையாது. ஆட்டோவில் போய்த் திருப்பத்திலேயே இறங்கிக்கொண்டேன்.

நம்ம கார். வாசலுக்கு எதிர்ப்பக்கம், ரோட்டோரம். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. லாரி ஒவ்வொன்றும் புழுதியை அள்ளி அதன் தலையில் கொட்டிவிட்டுப் போகிறது. உள்ளே அவர், மடியில் டிபன் பாக்ஸ். திறந்திருந்தார், சாப்பிடவில்லை. பக்கத்து சீட் காலி. முதலில் அதைத்தான் பார்த்தேன், மறைப்பானேன்.

அப்புறம் அவர் பார்க்கிற திசையில் நானும் பார்த்தேன். வாசலுக்குள் லாரியை நிறுத்தி எடை போடும் மேடை, அதன் பக்கத்தில் ஒரு தகர அறை, ஜன்னலில் ஓர் ஆள் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். நரைத்துப்போய், ஒடுங்கிப்போய். இருமும்போது தோள் ரெண்டும் குலுங்கியது.

அவருடைய அண்ணன்.

பதினோரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன். அரை மணி நேரம் இவர் அந்த ஜன்னலையே பார்த்தார். டிபன் பாக்ஸை மூடினார். காரைத் திருப்பிக்கொண்டு ஆபீஸுக்குப் போய்விட்டார்.

நான் அங்கேயே நின்றேன். கோபமா, அழுகையா, வீட்டுக்கு வந்தும் தெரியவில்லை. "வெயில்ல அலைஞ்சியா, முகம் செவந்திருக்கு" என்று அவர்தான் கேட்டார்.

மார்ச் 20, புதன்

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டிலாவது.

பதினோரு வருஷம் முன்னால் அவர் செல்லை வீட்டிலேயே விட்டுவிட்டு, பதவி உயர்வுப் பரீட்சைக்காக வெளியூர் போயிருந்தார்; தங்கின லாட்ஜ் நம்பர் என்னிடம் மட்டும்தான் இருந்தது. மாலையில் வீட்டுக்குப் போன் வந்தது. அவருடைய அண்ணன். "உன் அக்கா பொழைக்க மாட்டாம்மா. அவனை உடனே வரச் சொல்லு." அக்கா என்றால் அந்த அண்ணன் மனைவி, என் ஓரகத்தி. என்னைக் கூடப்பிறந்தவள் மாதிரி வைத்திருந்தவள்.

மறுநாள் காலை பரீட்சை. எழுதிவிட்டு வரட்டுமே என்று நினைத்தேன். ஒரு ராத்திரிதானே என்று. மறுநாள் மத்தியானம்தான் சொன்னேன். அதற்குள் அக்கா போய்விட்டாள். இவர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"பரீட்சை எழுதிட்டு சாவகாசமா வந்தியா? இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே" என்றாராம் அண்ணன்.

இவர் வாயைத் திறக்கவில்லை. "எனக்குச் சொன்னதே இன்னைக்குத்தான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அங்கேயும் சொல்லவில்லை, வீட்டில் என்னையும் ஒரு சொல் கேட்கவில்லை. அந்தப் பரீட்சையில் தேறவும் இல்லை.

இது என்ன மாதிரி மனுஷன்? நல்லவரா, கோழையா, என்னைத் தண்டிக்கிறாரா? எனக்குப் புரியவே இல்லை.

மார்ச் 22, வெள்ளி

போய்விட்டேன். காலை பத்து மணிக்கு, அவர் ஆபீஸில் இருக்கும் நேரம் பார்த்து.

தகர அறைக்குள் போய் நின்றதும் மாமா நிமிர்ந்தார். அவர் அண்ணனை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். முதலில் அடையாளம் தெரியவில்லை. அவர் மூக்குக்கண்ணாடியைப் பார்த்தேன். தூள் பட்டுப் பட்டு வில்லை முழுக்கக் கீறல், அதன் வழியாக யாரைத்தான் தெரியும்?

"மாமா, அன்னைக்கு நீங்க போன் பண்ணினதை நான் அவர்கிட்ட உடனே சொல்லல. மறுநாள் பரீட்சை முடிஞ்ச பிறகுதான் சொன்னேன். அவருக்கு முன்னாடி ஒண்ணுமே தெரியாது." வழியெல்லாம் பத்து விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். கடைசியில் இவ்வளவுதான் வந்தது.

"அவன் சொல்லலையே?"

"சொல்ல மாட்டார்."

"பதினோரு வருஷமாவா?"

வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்தான். மாமா சீட்டுப் புத்தகத்தை இழுத்து எடையை எழுதினார். அடுத்த லாரி, அதற்கடுத்த லாரி. நான் நிற்பதே தெரியாத மாதிரி எழுதிக்கொண்டே இருந்தார்.

"மத்தியானம் எதிர்ல ஒரு கார் நிக்கும், மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

வரும் வழியில் ஒரே குழப்பம். பாரத்தை இறக்கினேனா, அந்த மனுஷர் தலையில் தூக்கி வைத்துவிட்டு வந்தேனா?

மார்ச் 23, சனி

அவரிடம் சொல்ல மூன்று தடவை வாயெடுத்தேன். மூன்று தடவையும் காபி வேணுமா என்று கேட்டேன்.

மார்ச் 26, செவ்வாய்

ஆறு மணிக்கு வந்தார். செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"அண்ணன் வந்து கார் கண்ணாடியத் தட்டுனாரு."

"என்ன சொன்னாரு?"

"'எஞ்சினை நிறுத்துடா, புழுதியக் குடிக்குது'ன்னாரு."

நிறுத்தினாராம். மாமா சுற்றி வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, டிபன் பாக்ஸை வாங்கிப் பாதியைச் சாப்பிட்டாராம்.

"உள்ளே போகணும்னுதான் தினமும் போனேன்" என்றார்.

"அப்புறம் ஏன் போகல?"

"லாரி வந்துச்சு."

"தினமுமா லாரி வந்துச்சு?"

சிரிக்க ஆரம்பித்தார், சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது. அப்போதுதான் சொன்னேன், நான் அங்கே போனதை. "அண்ணன் சொன்னாரு" என்றார். செருப்பைக் கழற்றி வைத்தார். "நீ சொல்லியிருக்க வேண்டாம்" என்றார். கோபமாகவா, இல்லையா, எனக்கு இன்னமும் பிடிபடவில்லை.

ஏப்ரல் 7, ஞாயிறு

மாமா வந்தார். முதல் தடவையாக இந்த வீட்டுக்கு. இவர் வார்த்தைக்கு நாலு தடவை "அண்ணே, அண்ணே" என்றார். மாமா அவரிடம் பேசினார், அளவாக. என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. தண்ணீர் கொடுத்தேன், வாங்கிக் கீழே வைத்தார். சாப்பாடு போட்டேன், போதும் என்று கையால் காட்டினார்.

அது அவர் உரிமை. எவ்வளவு நாள் என்று நான் கேட்க முடியாது.

முன்னறையில் உட்காரவும் முடியாமல், போகவும் முடியாமல், நேற்றுக் கழுவிக் காயவைத்திருந்த ஃபில்டரை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்கு வந்துவிட்டேன். சிவப்பு எண்ணெய் வைத்தேன். இருபது நிமிஷம் ஊறட்டும் என்று அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்னால் இருமல் சத்தம். திரும்பவில்லை.

மாமா பக்கத்தில் வந்து நின்றார். கீறல் விழுந்த கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வெறும் கண்ணால் குனிந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"அங்க ஒரு மடிப்பு வெள்ளையா விட்டுப்போச்சு பாரும்மா."

பார்த்தேன். விட்டுத்தான் போயிருந்தது.