கொள்ளிடம் திருப்பித் தராத பிள்ளை

மாமி,

ஆற்றில் புதுத்தண்ணீர் வந்துவிட்டது. போன வாரம் மாமாவைப் பார்க்க ஸ்ரீரங்கம் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். காவிரிப் பாலத்தில் ஏறியதும் அந்த வாடை ஜன்னல் வழியாக உள்ளே புகுந்தது. செம்மண்ணும் பாசியும் அழுகிய தழையும் கலந்த வாடை. பஸ்ஸில் இருந்தவர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு, இந்த வருசம் ஆடிப்பெருக்குக்கு முன்பே அணையைத் திறந்துவிட்டார்கள் என்று சந்தோஷமாகச் சொன்னார். ஒரு அம்மா தண்ணீரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டேன். ஊரே கொண்டாடும் தண்ணீரைக் கொண்டாட முடியாதவர்கள் என்று நாம் இருவர் இருந்தோம். சித்திரையோடு நான் ஒருத்தி ஆகிவிட்டேன்.

உங்களை முதன்முதலில் பார்த்ததும் இப்படி ஒரு ஆடியில்தான். உங்கள் வரதுவை அதற்கு முன்பே எனக்குத் தெரியும். என் அருளோடு காலேஜில் ஒரே வகுப்பு. பாலக்கரையில் எங்கள் வீட்டுக்கு வந்தால் கூச்சப்படாமல் சமையலறை வாசலில் வந்து நிற்பான். கிறிஸ்துமஸுக்கு அவனுக்காகவே முட்டை சேர்க்காமல் ஒரு கேக் செய்வேன். அது சரியாக உப்பாது. அவன் அதையும் நன்றாக இருப்பதாகச் சொல்லித் தின்பான். பரீட்சை முடிந்த அன்று நண்பர்களோடு கொள்ளிடத்தில் குளிக்கப் போனார்கள். மேலே அணையில் தண்ணீர் கூட்டித் திறந்தது பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. மற்றவர்கள் கரையேறிவிட்டார்கள். நம் பிள்ளைகள் இரண்டு பேரும் ஏறவில்லை.

அருளைப் பொழுது சாய்வதற்குள் நாணல் புதரிலிருந்து எடுத்துவிட்டார்கள். யாரோ கொடுத்த போர்வையில் அவனைச் சுற்றிக் கிடத்தியிருந்தபோது நீங்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தீர்கள்.

"உங்க பிள்ளைதானே கூட்டிண்டு போனான்? எம்பிள்ளைக்கு நீந்தவே தெரியாதே" என்றீர்கள்.

அருளின் தலைமுடியில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் எடுத்துக்கொண்டே இருந்தேன். வரது அன்றும் கிடைக்கவில்லை, மறுநாளும் கிடைக்கவில்லை.

அருளைக் கல்லறையில் வைத்துவிட்டு வந்தோம். அடக்கப் பூசையில் பங்குச் சாமியார், ஆண்டவர் தம் தோட்டத்தில் தமக்குப் பிடித்த மலரைப் பறித்துக்கொண்டார் என்று பிரசங்கம் செய்தார். நல்ல மனிதர், ஆறுதலுக்காகத்தான் சொன்னார். எனக்கு எழுந்து கத்த வேண்டும் போலிருந்தது. மலரா? பத்தொன்பது வருசம் சோறூட்டி வளர்த்த பிள்ளை மலரா? பறிப்பவர் கையில் பறிகொடுத்தவள் எப்படி முத்தமிடுவாள்? அன்றைக்குப் பிறகு நான் எங்கள் மாதா கோயிலுக்குப் போகவில்லை. வீட்டில் திருஇருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் எரியும் விளக்கையும் ஏற்றவில்லை. என் வீட்டுக்காரர் ராத்திரிச் செபத்தைத் தனியாக, எனக்குக் கேட்காதபடி, மெல்லிய குரலில் சொல்லிக்கொள்வார். அந்தக் குரலைக்கூட என்னால் பொறுக்க முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் காலையில் அவரிடம் சொல்லாமல் பஸ் ஏறிக் கொள்ளிடக் கரைக்கு வந்தேன். எதற்கு வந்தேன் என்று நீங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். திரும்பிப் போகும் எண்ணத்தோடு வரவில்லை. படியில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். தினமும் வருகிறீர்கள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. என்னைப் பார்த்தும் முகத்தைத் திருப்பவில்லை.

"அங்க ஆழம் ஜாஸ்தி. இப்படி வந்து ஒக்காருங்கோ" என்றீர்கள்.

வந்து உட்கார்ந்தேன். வெயில் ஏறும்வரை அங்கேயே இருந்தோம். என் பிள்ளையைக் குறை சொன்னதற்காக நீங்கள் மன்னிப்புக் கேட்கவில்லை. எழுந்திருக்கும்போது மட்டும், நாளைக்கும் வருவேளா என்று கேட்டீர்கள். அந்த ஒரு கேள்விக்காக மறுநாளும் நான் உயிரோடு இருக்க வேண்டியதாயிற்று.

அப்படியே பழகிப்போனது. எனக்குப் போய் நிற்க ஒரு கல்லறை இருந்தது. உங்களுக்கு அதுவும் இல்லை. உறவுக்காரர்கள் உடலுக்குப் பதிலாகத் தர்ப்பையை வைத்துக் காரியத்தை முடித்துவிடச் சொன்னார்கள். பிள்ளை முகத்தைப் பார்க்காமல் சம்மதிக்க மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றீர்கள். மாமாவுக்கு இருதயம் சரியில்லை, அவரை அலையவிட முடியாது. அதனால் நான் உங்களோடு வந்தேன். லால்குடி பஸ்ஸில் ஏறிப் போய், கரையோர ஊர்களில் இறங்கி, வயலில் வேலை செய்கிறவர்களிடமும் மாடு மேய்க்கிறவர்களிடமும் வரதுவின் போட்டோவைக் காட்டிக் கேட்போம். நீங்கள் போட்டோவை நீட்டுவீர்கள், கேள்வியை நான் கேட்பேன். ஏனென்றால் 'உடம்பு ஏதாவது ஒதுங்கிச்சா' என்ற வார்த்தை உங்கள் வாயில் வராது.

பிறகு ஒரு நாள் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. அடையாளம் தெரியாத ஒரு வாலிபனின் உடல் கிடைத்திருக்கிறது, வந்து பார்க்கச் சொன்னார்கள். சவக்கிடங்கு வாசலிலேயே நீங்கள் நின்றுவிட்டீர்கள். நான் பார்த்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனேன். வரது இல்லை. கையில் பச்சை குத்தியிருந்தது, வேறு யாரோ. வெளியே வந்து தலையசைத்தேன். நீங்கள் அழவில்லை. "யார் பெத்த கொழந்தையோ. பாக்க யாருமே வரலையா?" என்று கேட்டீர்கள். யாரும் வரவில்லை என்று அங்கிருந்த ஊழியர் சொன்னார். பயந்துகொண்டிருந்த நீங்களே அப்புறம் உள்ளே வந்தீர்கள். அந்தப் பையனின் தலைமாட்டில் நின்று உங்கள் பெருமாள் பெயரைச் சொன்னீர்கள். எனக்கும் வாய் திறந்தது, மாமி. நித்திய இளைப்பாற்றியை அளித்தருளும் என்று, மாதக்கணக்கில் சொல்லாமல் இருந்த, இறந்தவர்களுக்கான செபத்தை, முன்பின் தெரியாத ஒருவனுக்காகச் சொன்னேன். என் பிள்ளைக்கே நான் அதைச் சொல்லியிருக்கவில்லை.

அன்று சாயங்காலம் கோயிலுக்குப் போனேன். சிலுவையில் இருந்த உடலைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. சிறு வயதிலிருந்து அது எனக்கு ஒரு சுரூபம், வெறும் சிலை, அவ்வளவுதான். அன்றுதான் அது ஒரு பிள்ளையின் உடலாகத் தெரிந்தது. துணியில்லாமல், விலாவில் காயத்தோடு, வேண்டியவர்களெல்லாம் ஓடிப்போன பிறகு தொங்கும் உடல். தோட்டத்தில் மலர் பறித்தவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆனால் இவர் பறித்தவர் இல்லை, பறிபோனவர். இவரோடு பேசலாம் என்று தோன்றியது. பேசினேன் என்பதைவிடச் சண்டை போட்டேன் என்பதுதான் சரி. அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனால் அதற்கு முன்னால் நான் சொன்ன எந்தச் செபமும் இவ்வளவு உண்மையாக இருந்ததில்லை.

அருளின் வருச நினைவுக்கு நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தது நினைவிருக்கிறது. சுவரில் மாட்டியிருந்த வியாகுல மாதா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"நெஞ்சுல வாள் சொருகியிருக்கே. யாரு இவ?"

"மாதா, மாமி. பிள்ளையச் சிலுவையில அறைஞ்சப்போ பக்கத்துல இருந்தாங்க."

"அவ என்ன பண்ணினா?"

"நின்னாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் மாமி. உயிர் போறதுக்கு முன்னாடி அவர் தன் சிநேகிதரைக் காட்டி, இனிமே இவன் உங்க பிள்ளைன்னு சொன்னாராம்."

நீங்கள் மறுபடியும் அந்தப் படத்தைப் பார்த்தீர்கள். பிறகு, ஒரு பிள்ளைக்கு இன்னொரு பிள்ளை ஈடாகுமா என்று கேட்டீர்கள். ஆகாது என்றேன். அதைக் கேட்டதும்தான் உங்கள் முகம் கொஞ்சம் தெளிந்தது. அந்த வீட்டில் உங்களிடம் பொய் சொல்லாத ஒரு ஆள் இருப்பது உங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

இந்தப் பங்குனியில் நீங்கள் படுத்துவிட்டீர்கள். மூச்சு வாங்கியது. கடைசியாக நான் பார்க்க வந்தபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "அவன் கெடைச்சா நீங்க போய்ப் பாருங்கோ. அவரால முடியாது" என்றீர்கள். சரி என்றேன். சித்திரையில் மாமா போன் செய்து, நீங்கள் ஆசார்யன் திருவடி சேர்ந்துவிட்டதாகச் சொன்னார். பிள்ளை முகத்தைப் பார்க்காமலே போய்விட்டீர்கள். மூன்று வருசம் நாம் கேட்ட ஒன்றே ஒன்றை உங்கள் பெருமாளும் தரவில்லை, என் ஆண்டவரும் தரவில்லை. இதில் ஏதோ அர்த்தம் இருக்கிறது என்று யாராவது என்னிடம் சொன்னால் எழுந்து போய்விடுவேன்.

நேற்று ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. அந்தக் கான்ஸ்டபிளுக்கு என் குரல் பழக்கம். கிடைத்திருப்பது புது உடல் என்றும், நம் பையனாக இருக்காது என்றும் அவரே தயக்கத்தோடு சொன்னார். பார்க்க யாரும் வரவில்லை என்பதால் கூப்பிட்டாராம். எனக்கும் தெரியும், இத்தனை வருசத்துக்குப் பிறகு அவனாக இருக்க முடியாது. ஆனாலும் கிளம்பிப் போனேன்.

நான் அந்தப் பையனின் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தபோது ஒரு பெண் ஓடி வந்தாள். மண்ணச்சநல்லூரில் ஒரு ரைஸ் மில்லில் வேலை செய்கிறவள். உடம்பெல்லாம் தவிடு, வேலையிலிருந்து அப்படியே வந்திருக்கிறாள். துணியை விலக்கி மகன் முகத்தைப் பார்த்தாள். அவள் விழாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை, மாமி, இன்றைக்கும் இல்லை.

வெகுநேரம் கழித்துத் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

"நீங்க யாருங்க?"

"நானும் எம்புள்ளையத் தேடித்தாங்க வந்தேன். பேரு வரது" என்றேன்.